ஓடையிலிருந்து கூரை வரை

2025ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டை ஒட்டி இலங்கை மின்சார சபை ஒரு வேண்டுகோளை வெளியிட்டது. கூரைகளிற் சூரியப் படல்களைப் பொருத்தியிருப்போர் யாவரும் ஏப்பிரில் 13ஆம் நாள் முதல் 21ஆம் நாள் வரை, நாள்தோறும் பிற்பகல் 3 மணிவரை அவற்றை நிறுத்திவைக்க வேண்டும் என்பதே அவ்வேண்டுகோள். மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவிடுங்கள், தேவையற்ற விளக்கை அணையுங்கள் என்று ஆண்டாண்டாகக் கேட்டுப் பழகியவை நம் காதுகள். மின்சாரம் தாராதீர்கள் என்ற சொல் அக்காதுகளுக்குப் புதியது. மூன்றே ஆண்டுகளுக்கு முன்னர், 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில், எரிபொருள் வாங்கப் பணமின்றி இதே நாடு நாளொன்றுக்கு 13 மணிநேரம் இருளில் இருந்தது. அந்நாட்களிற் கைவிசிறியோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்களிற் பலர், இனி எவரையும் நம்பியிருப்பதில்லை என்று உறுதிகொண்டு, இருந்ததை விற்றும் கடன்பட்டும் கூரையிற் படல் ஏற்றியவர்கள். அவர்களிடமே இப்போது, சற்று நிறுத்துங்கள் என்று சொல்லப்பட்டது.

நேயர்களே, இதனை ஓர் அலுவலகத்தின் குளறுபடியென்று தள்ளிவிடுதல் எளிது. அவ்வாறு தள்ளியோரும் பலர். ஆயினும் இதன் வேர் மிக ஆழத்தில் உள்ளது. சிறியனவாகவும் பலவாகவும் தொடங்கிய மின்னாக்கம் பெரியதாகவும் ஒன்றாகவும் மாறி, மறுபடியும் சிறியனவாகவும் பலவாகவும் ஆகத் தலைப்பட்ட ஒரு நூற்றாண்டுக் கதை அதன் பின்னே நிற்கின்றது. அக்கதையைச் சொல்வதே இன்றைய பேச்சின் நோக்கம்.

இலங்கையில் மின்விளக்கு விற்பனைப் பொருளாக முதலில் ஒளிர்ந்தது 1895ஆம் ஆண்டில், கொழும்புக் கோட்டையில். பூஸ்டெட் சகோதரர் என்னும் வணிக நிறுவனத்தார் சிறு பொறியொன்றை வைத்து அயலிலிருந்த கட்டடங்களுக்கு ஒளி வழங்கினர். பின்னர் டிராம் வண்டி ஓட்டவும் வீதிவிளக்கு எரிக்கவும் ஒரு கம்பனி எழுந்தது. 1920களின் இறுதியில் அரசாங்கம் கொழும்பு மின்விளக்குத் தொழிலைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. இவை யாவும் தலைநகரத்துச் செய்திகள். இவற்றை விரைந்து கடந்து மலைநாட்டுக்கு ஏறுவோம். நமது கதைக்குரிய சுவை அங்கேயே இருக்கின்றது.

கோப்பிப் பயிர் அழிந்து தேயிலை வந்தபோது, தேயிலையோடு தொழிற்சாலையும் வந்தது. வாடிய கொழுந்தை உருட்டுவதற்கு வலிய பொறிகள் வேண்டும். பொறிகளைச் சுழற்ற வலு வேண்டும். மலைச்சரிவில் விறகு அருமை. கடலிலிருந்து நிலக்கரி ஏற்றுதல் அதனினும் செலவு. ஆனால் நீர் ஒவ்வொரு மடிப்பிலும் வீழ்ந்துகொண்டிருந்தது. தோட்டத்துரைமார் ஓடைகளை மறித்து, வாய்க்கால் வெட்டி, இரும்புக் குழாய் வழியாக நீரைக் கீழிறக்கிச் சில்லுகளையும் சுழலிகளையும் ஓட்டினர். தொடக்கத்தில் அச்சுழலி நேரே தோல்வாரைச் சுழற்றியது. பின்னர் மின்பிறப்பாக்கியையும் சுழற்றியது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இத்தகைய சிறு நீர்வலு நிலையங்கள் மலைநாட்டுத் தோட்டங்களில் நூற்றுக்கணக்கில் இருந்தன. ஒவ்வொன்றும் தனித்தனி, ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் கம்பித்தொடர்பு இல்லை. இக்காலத்தார் பரவலான மின்னாக்கம் என்று புதுமையாகப் பேசுகின்ற முறை இந்நாட்டின் மிகப் பழைய முறையேயாகும்.

ஒன்றைச் சொல்லாது விடுதல் நேர்மையன்று. அந்த ஓடைநீர் தந்த ஒளி தொழிற்சாலையிலும் துரையின் பங்களாவிலும் எரிந்தது. வாய்க்கால் வெட்டியவர்களும் குழாய் சுமந்தவர்களும் குடியிருந்த லயங்களில் மண்ணெண்ணெய்ச் சிமினியே எரிந்தது. மின்னாக்கும் நிலையம் வீட்டுக்கு அருகில் இருப்பதனால் மட்டும் வெளிச்சம் வீட்டுக்கு வந்துவிடுவதில்லை.

இச்சிறு ஓடைகளைக் கண்டு, அவற்றினும் பெரியதொன்றை எண்ணியவர் டி. ஜே. விமலசுரேந்திர. 1874ஆம் ஆண்டில் காலியிற் பிறந்த இவர் பொதுவேலைத் திணைக்களத்திற் பணியாற்றிய பொறியியலாளர். நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையே பிளாக்பூல் என்னுமிடத்தில் சிறு நீர்மின் நிலையம் ஒன்றமைத்து நுவரெலியா நகருக்கு ஒளி கொடுத்தவரும் அவரே. 1918ஆம் ஆண்டில் இலங்கைப் பொறியியற் சங்கத்தின் முன்னிலையில் இந்நாட்டின் வலுப் பயன்பாட்டுப் பொருளாதாரம் பற்றி அவர் ஒரு கட்டுரை படித்தார். மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் மலையினின்று வீழும் வீழ்ச்சியைக் கணக்கிட்டு, அந்நீர் வலுவைக் கம்பி வழியே நாட்டின் நகரங்களுக்குக் கொண்டு செல்லலாம் என்றார். புகையிரதத்தையும் கைத்தொழிலையும் அதனால் இயக்கலாம் என்பதும் அவர் கருத்து.

ஆளவந்தோர்க்கு இது விரைவில் விளங்கவில்லை. விளங்கியபோது விரும்பவில்லை என்பாரும் உளர். 1924ஆம் ஆண்டில் லக்சபானத் திட்டத்தின் வேலை தொடங்கியது, மூன்றாண்டுகளில் நிறுத்தப்பட்டது. கொழும்பு நகரம் நீராவி நிலையத்தையே நம்பியிருந்தது. அரசாங்க சேவையை விட்டு விலகிய விமலசுரேந்திர 1931ஆம் ஆண்டில் இரத்தினபுரியின் உறுப்பினராக அரசாங்க சபைக்குச் சென்று அங்கும் இதே வழக்கைப் பேசினார். ஈற்றில் 1950ஆம் ஆண்டில், ஏறத்தாழ 1,500 அடி உயரத்தினின்று குழாய் வழியே இறங்கிய நீர் லக்சபானவில் 25 மெகாவாற்று மின்சாரத்தைப் பிறப்பித்தது. கட்டுரை படித்த காலத்திலிருந்து 32 ஆண்டுகள் கழிந்திருந்தன. அவருக்கு வயது எழுபத்தைந்துக்கு மேல். 1953ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். நோட்டன் பிரிட்ஜில் பின்னர் அமைந்த நிலையம் ஒன்று இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

லக்சபான வந்ததும் சிறு ஓடைகளின் காலம் முடியத் தொடங்கியது. இதனை எவரும் ஆணையிட்டுச் செய்யவில்லை. பெரிய நிலையத்தின் மின்சாரம் மலிவாயிருந்தது. கோடையிலும் தடையின்றி வந்தது. சுழலியைப் பழுதுபார்க்க ஆள் வைத்திருக்க வேண்டியதில்லை. தேயிலைத் தொழிற்சாலையின் வாசலுக்குக் கம்பி வந்தவுடன், வாய்க்காலைத் துப்புரவு செய்வதற்குத் தோட்டக் கணக்கிற் பணம் ஒதுக்குவது வீண்செலவாகத் தோன்றியது. வாய்க்கால் புல்மூடியது, குழாய் துருப்பிடித்தது, சில இடங்களிற் சுழலி பழைய இரும்பாக விற்கப்பட்டது. 1969ஆம் ஆண்டில் இலங்கை மின்சார சபை சட்டத்தால் நிறுவப்பட்டு மின்னாக்கம், செலுத்துகை, விநியோகம் ஆகிய மூன்றும் பெரும்பாலும் அதன் கைக்கு வந்தபோது, தோட்டத்து நிலையங்கள் பழங்கதைகள் ஆகியிருந்தன.

சபையின் கோட்பாடு எளியது. சில பெரிய நிலையங்கள் ஆக்க வேண்டும். மற்றெல்லோரும் வாங்க வேண்டும். வலு ஒரே திசையில், மலையிலிருந்து பட்டினத்துக்கும் பட்டினத்திலிருந்து கிராமத்துக்கும் ஓடவேண்டும். உக்குவளை 1976இல், விக்டோரியா 1980களின் நடுவில் 210 மெகாவாற்று, கொத்மலை 1985இல் 201 மெகாவாற்று, ரந்தெனிகல 1986இல் 122 மெகாவாற்று என்று மகாவலி கங்கை படிப்படியாகக் கட்டப்பட்டது. இக்கோட்பாட்டைக் குறைகூறுமுன் அதன் பயனையும் நோக்க வேண்டும். சபை தோன்றிய காலத்தில் இந்நாட்டு வீடுகளில் மிகச் சிலவற்றுக்கே மின்சாரம் இருந்தது. 2016ஆம் ஆண்டளவில் ஏறக்குறைய எல்லா வீடுகளுக்கும் அது சென்றுவிட்டது. அண்டை நாடுகள் பல இன்றும் பொறாமைப்படத்தக்க செயல் இது. பெருவலையமைப்பு இன்றி இது நடந்திராது என்பதே என் எண்ணம்.

ஆயினும் எல்லா முட்டைகளும் வானத்தின் கூடையில் இருந்தன. 1995ஆம் ஆண்டில் இலங்கையின் மின்சாரத்திற் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீரிலிருந்தே வந்தது. மறுவருடம் மழை பொய்த்தது. நீர்த்தேக்கங்களின் அடிச்சேறு வெடித்தது. 1996ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டை நம்மிற் பலர் மறந்திருக்க மாட்டோம். அவ்வறட்சியே சபையின் மனத்தில் முதல் மாற்றத்தை உண்டாக்கியது. அதன் பயனாய் ஒருபுறம் தனியார் டீசல் நிலையங்கள் விரைந்து வந்தன. அதனால் நேர்ந்த எரிபொருட் செலவு வேறொரு பேச்சுக்குரிய பொருள். மறுபுறத்தில், தனியார் ஒருவர் ஓடையொன்றில் மின்சாரம் ஆக்கிச் சபைக்கு விற்கலாம் என்ற வழி திறந்தது. 1996ஆம் ஆண்டில் டிக் ஓயா என்னும் நிலையம், ஒரு மெகாவாற்றுக்கும் சற்றே குறைந்த அளவினது, இம்முறையில் வலையமைப்போடு இணைந்தது. பத்து மெகாவாற்றுக்கு உட்பட்ட நிலையங்கள் யாவற்றுக்கும் ஒரே வகையான ஒப்பந்தப் பத்திரம் வகுக்கப்பட்டது. பேரம் பேசும் தொல்லை ஒழிந்தது.

விலையை எவ்வாறு தீர்மானித்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது. ஓடைக்காரர் தரும் ஒவ்வோர் அலகினாலும் சபை தன் நிலையங்களில் எவ்வளவு எரிபொருளைச் செலவிடாது தவிர்க்கின்றதோ, அத்தவிர்த்த செலவே அவருக்குரிய விலை. இது நியாயமான கணக்கு. எனினும் உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஏறினால் ஓடைநீரின் விலையும் ஏறியது; இறங்கினால் இறங்கியது. மலையில் விழும் மழைக்கும் பாரசீக வளைகுடாவுக்கும் ஏது உறவு என்று ஓடைக்காரர் கேட்டனர். பின்னர் ஒவ்வொரு தொழில்நுட்பத்துக்கும் உரிய ஆக்கச் செலவைக் கொண்டு விலை வகுக்கும் முறை வந்தது. புல்மூடிய பழைய வாய்க்கால்கள் சில மறுபடி வெட்டப்பட்டன. சில தோட்டங்களில் மூதாதையர் காலத்துச் சுழலி துருநீக்கப்பட்டு மீண்டும் சுழன்றது.

இதே காலத்தில், கம்பி எட்டாத கிராமங்களில் வேறொரு முயற்சி நடந்தது. 1990களின் தொடக்கம் முதல், தொண்டு நிறுவனங்களின் துணையோடு ஊரவரே சிரமதானத்தால் அணைகட்டிக் குழாய் பதித்துச் சில கிலோவாற்று மின்சாரத்தை ஆக்கினர். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் இவை மிகுதி. ஊருக்கு ஒரு மின்பாவனையாளர் சங்கம். அதற்குத் தலைவர், காரியதரிசி, தனாதிகாரி. வீட்டுக்கு இரண்டு மூன்று விளக்கும் ஒரு தொலைக்காட்சியும் எரியும் அளவே பங்கு. எவரேனும் மின்னழுத்தியைச் செருகினால் ஊர் முழுவதும் ஒளி மங்கும். குற்றவாளியைக் கண்டுபிடிக்க அதிகநேரம் ஆகாது. சிறியதாயினும் அஃது அவர்களுடையதாயிருந்தது. லயத்து வாசலில் நின்றுபோன ஒளி, இங்கே குடிசைக்குள் வந்தது.

பின்னர்ச் சபையின் கம்பி அவ்வூர்களையும் அடைந்தது. மின்னழுத்தியும் குளிர்ப்பெட்டியும் வைத்துக்கொள்ளலாம் என்றானபோது, சங்கத்தின் மாதக் கூட்டத்துக்கு வருவோர் குறைந்தனர். பல நிலையங்கள் கைவிடப்பட்டன. தோட்டங்களுக்கு ஐம்பதுகளில் நேர்ந்தது கிராமங்களுக்கு இரண்டாயிரத்துக்குப் பின் நேர்ந்தது. அச்சிறு நிலையங்களைப் பெருவலையமைப்போடு இணைத்து ஊர்ச்சங்கத்துக்கு வருவாய் தேடிக்கொடுக்கும் முயற்சிகளும் நடந்தன. ஆனால் அவை ஒருசிலவே. பெரியது வந்தால் சிறியது மாள வேண்டும் என்பது இயற்கை விதியன்று. இரண்டையும் பிணைக்கும் ஒப்பந்தமும் கருவியும் உரியகாலத்தில் ஆயத்தமாக இல்லாமையே அவற்றின் முடிவுக்குக் காரணம் என்று நான் கருதுகின்றேன்.

வடக்கில் இக்கதை வேறு வடிவம் பெற்றது. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாடு ஆண்டுக்கணக்கில் மின்சாரமின்றி இருந்தது. மண்ணெண்ணெயும் அருமையாகிவிட்ட அந்நாட்களில், ஜாம் போத்தலின் அடியிற் சிறிது பஞ்சை இட்டு எண்ணெயில் நனைத்து, திரி தூக்கிய விளக்கின் ஒளியிற் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தார்கள். மின்கலமும் கிடைக்காதபோது, துவிச்சக்கர வண்டியை நிறுத்தித் தலைகீழாக்கி, ஒருவர் மிதியைக் கையாற் சுழற்ற, அதன் டைனமோவினின்று வானொலி பேசியது. செய்தி முடியுமட்டும் சுழற்றுபவர் களைப்படையலாகாது. களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரல் இழுபடும். இந்நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டிருப்போரில் அவ்வாறு சுழற்றிய கைகள் எத்தனையோ இருக்கலாம். ஒவ்வோர் அலகு மின்சாரத்தின் பின்னும் ஓர் உழைப்பு இருக்கின்றது என்பதை அவர்களுக்கு எந்த நூலும் கற்பிக்க வேண்டியதில்லை. 2009இல் போர் ஓய்ந்து சில ஆண்டுகள் சென்றபின்னரே சுன்னாகம் தேசிய வலையமைப்போடு மீண்டும் இணைந்தது.

தீவுகளுக்கோ கடல்கடந்து கம்பி இழுத்தல் எளிதன்று. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய இடங்கள் டீசற் பொறிகளையே நம்பியிருந்தன. ஒவ்வொரு பீப்பாவும் படகில் வரவேண்டும். எழுவைதீவில், சிறிய காற்றாடிகளும் சூரியப் படல்களும் மின்கல அடுக்கும் டீசற் பொறியும் ஒன்றுசேர்ந்த கலப்பு முறையொன்று ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு அமைக்கப்பட்டது. மற்றைய மூன்று தீவுகளுக்கும் இத்தகைய ஏற்பாடு செய்ய இந்தியாவின் நன்கொடையோடு 2024ஆம் ஆண்டில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. பகலில் வெயில், இரவில் மின்கலம், இரண்டும் குறைந்தால் டீசல் என்ற இச்சிறு தீவுகளின் கணக்கே, பெருந்தீவாகிய இலங்கை முழுவதற்கும் பின்னர் எழுந்த கணக்கு.

அப்பெருங்கணக்கு 2010ஆம் ஆண்டில் ஒரு சிறு மானியோடு தொடங்கியது. நிகர அளவீடு என்னும் முறைப்படி, வீட்டுக்காரர் கூரையிற் பிறப்பித்து எஞ்சியதை வலையமைப்புக்கு அனுப்பலாம். இரவில் அதே அளவைத் திரும்பப் பெறலாம். எஞ்சியதற்குப் பணம் இல்லை, வரவில் வைக்கப்படும். சபை இங்கே நெற்களஞ்சியம் போன்றது. அறுவடைக் காலத்தில் இட்ட நெல்லைப் பஞ்சத்தில் எடுத்துக்கொள்ளலாம். களஞ்சியத்துக்குக் கூலி இல்லை. 2016ஆம் ஆண்டு செப்டெம்பரில் அரசாங்கம் இதனை விரித்து, எஞ்சிய ஒவ்வோர் அலகுக்கும் முதல் 7 ஆண்டுகளுக்கு 22 ரூபாவும் அதன்பின் 20ஆம் ஆண்டுவரை 15 ரூபா 50 சதமும் தருவதாக அறிவித்தது. கூரையில் ஆவதை முழுவதும் விற்கும் வழியும் திறந்தது. விலைகள் பின்னாளிற் பலமுறை மாறின. 2022ஆம் ஆண்டின் இருளும் அதனைத் தொடர்ந்த கட்டண உயர்வும் எஞ்சியிருந்த தயக்கத்தைப் போக்கின. 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நாட்டின் கூரைகள்மேல் ஆயிரம் மெகாவாற்றுக்கு மேற்பட்ட ஆற்றல் இருந்தது. பெயரளவு ஆற்றலில், விக்டோரியாவைப் போல் நான்குக்கு மேற்பட்ட நிலையங்கள், எவரும் அணைகட்டாமல், ஓட்டுக்கூரைகளிலும் தகரக்கூரைகளிலும் தோன்றிவிட்டன.

இவ்விடத்தில் ஒரு சங்கடம் உண்டு. நமது மின்கட்டணம் படிமுறையானது. குறைவாகச் செலவிடும் ஏழைவீடு ஆக்கச் செலவிலும் குறைந்த விலை கொடுக்க, மிகுதியாகச் செலவிடும் செல்வர்வீடும் வணிக நிலையமும் அதனை ஈடுசெய்தன. படலை முதலில் ஏற்றியவர்கள் பெரும்பாலும் அந்த மிகுதியாகக் கொடுத்தவர்கள். அவர்களுக்கே கூரையும் இருந்தது, கடன்தர வங்கியும் இருந்தது. அவர்கள் மின்பட்டியல் பூச்சியத்துக்கு இறங்கியபோது, கம்பியையும் கம்பத்தையும் மின்மாற்றியையும் பேணும் செலவு இறங்கவில்லை. அது கூரையிற் படலில்லாதவரின் தோளை நோக்கி மெல்ல நகரும். உலகத்தின் மின் நிறுவனங்கள் பல இன்று தூக்கமிழந்திருப்பது இதனாலேயே. படல் ஏற்றியவரைக் குற்றஞ்சாட்டுதல் முறையன்று, அழைத்தது அரசு. ஆனால் இரவு முழுவதும் வலையமைப்பைச் சாய்மணையாகக் கொண்டு, அதற்கு ஒன்றும் கொடாதிருத்தல் நெடுங்காலம் நடவாது. லயத்து விளக்கை நினைக்கும்போது இவ்விடயத்தில் என்னால் நடுநிலையாயிருக்க முடியவில்லை.

பணத்தினும் கடினமானது பௌதிகம். 2025ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை முற்பகல் 11 மணி கடந்த சிறிது நேரத்தில், பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு கருவியொன்றைத் தொட்டது என்று அறிவிக்கப்பட்டது. நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. இராமகாதைக்குப் பின் இத்தீவிற் குரங்கொன்று இவ்வளவு கலக்கம் விளைத்ததில்லை என்று மக்கள் நகைத்தனர். ஆயினும் நகைப்பிற்குள் ஒரு கேள்வி இருந்தது: ஒரு மூலையில் நேர்ந்த பழுது முழுத்தீவையும் எவ்வாறு வீழ்த்தியது?

நமது வலையமைப்பில் மின்னோட்டம் செக்கனுக்கு 50 சுற்று என்ற தாளத்தில் அலைகின்றது. அத்தாளம் பிசகலாகாது. நீர்நிலையத்திலும் அனல்நிலையத்திலும் பற்பல தொன் எடையுள்ள இரும்பு உருளைகள் அத்தாளத்துக்கு இசையச் சுழன்றுகொண்டிருக்கின்றன. குயவனின் திகிரியை எண்ணிப் பாருங்கள். கோலை எடுத்தபின்னும் பாரத்தாற் சுழலும். களிமண் சற்றுத் தடுத்தாலும் உடனே நில்லாது. அதுபோல, எங்கோ ஒரு நிலையம் திடீரென நின்றாலும், மற்றைய உருளைகளின் சுழற்சி சில கணங்களுக்குத் தாளத்தைத் தாங்கும். அதற்குள் வேறு நிலையங்கள் ஈடுகொடுக்கும். சூரியப் படலுக்குச் சுழலும் உறுப்பு யாதும் இல்லை. அது திகிரியற்ற குயவன். அந்த ஞாயிற்றுக்கிழமை, அலுவலகங்களும் தொழிற்சாலைகளும் மூடிக்கிடக்கத் தேவை குறைந்திருந்தது. வானம் தெளிந்து வெயில் மிகுந்திருந்தது. ஆகவே சூரியவலுவின் பங்கு பெரிதாகவும் சுழலும் இரும்பின் பங்கு சிறிதாகவும் இருந்தன. தாளம் தடுமாறியபோது தாங்குவதற்குப் பாரம் போதவில்லை என்பதே சபை தந்த விளக்கத்தின் சாரம். நுரைச்சோலை அனல்நிலையத்தின் மூன்று பொறிகளும் நின்றுவிட்டமையால் 10ஆம், 11ஆம் நாட்களில் ஒன்றரை மணிநேர மின்வெட்டும் வந்தது.

சூரியனையே இதற்குக் குற்றஞ்சாட்டியோர் உண்டு. அது சரியன்று. ஆயிரம் மெகாவாற்றை அழைத்த ஆட்சி, அதனைத் தாங்கும் ஏற்பாட்டைப் பின்னுக்கு வைத்தது. ஒரு நடுநிலையத்திலிருந்து விக்டோரியாவுக்குத் தொலைபேசியிற் சொன்னால் கதவு மூடப்படும். இலட்சம் கூரைகளுக்கு யார் சொல்வது? பெரும்பாலான கூரைகள் நடுநிலையத்தின் கண்ணுக்குத் தெரிவதுமில்லை, கைக்கு எட்டுவதுமில்லை. அவற்றின் மின்சாரம் சந்தியிலுள்ள மின்மாற்றியில் தேவை குறைந்த தோற்றமாக மட்டுமே காட்சியளிக்கின்றது. மேகம் ஒன்று கடந்தால், தேவை திடீரெனக் கூடியது போலத் தோன்றுகின்றது. ஒருதிசை ஓட்டத்துக்கென வகுத்த அமைப்பு இருதிசை ஓட்டத்தைக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கின்றது. அறுபது வயதில் நீந்தக் கற்பவரின் நிலை அது.

மேலும், நமது நாட்டில் மின்சாரம் மிகுதியாக வேண்டப்படுவது மாலை ஆறரை மணிமுதல் இரவு பத்தரை வரை. சூரியன் அப்போது இல்லை. நண்பகலின் மிகுதியை மாலைக்கு எடுத்துச்செல்லும் பாத்திரம் வேண்டும். நமக்கு ஒரு பாத்திரம் ஏற்கெனவே உண்டு. அதுதான் விமலசுரேந்திர கனவுகண்ட மலைநீர். பகலில் வெயில் தரும்போது நீர்த்தேக்கத்தின் கதவை மூடி நீரைச் சேமித்து, மாலையிற் திறந்தால், அணை ஒரு பெரிய மின்கலமாகிவிடும். ஆனால் மகாவலி நீர் மின்சாரத்துக்கு மட்டும் உரியதன்று. கீழே வயல் காத்திருக்கின்றது, குடிநீர்க் குழாய் காத்திருக்கின்றது. ஆகவே நண்பகலின் மிகுதியால் நீரை மேலே ஏற்றி மாலையில் இறக்கும் 600 மெகாவாற்றுத் திட்டம் ஒன்று மஹா ஓயாப் பகுதிக்கு வகுக்கப்பட்டது. பெரிய மின்கல அடுக்குகளும் திட்டத்தில் இடம்பெற்றன. 2030ஆம் ஆண்டில் மின்சாரத்தின் 70 சதவீதத்தைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களினின்று பெறுவது என்ற குறிக்கோளை அறிவித்த நாட்டுக்கு இப்பாத்திரங்கள் படல்களுக்கு முன்னரே வந்திருக்க வேண்டியவை.

காற்றைப் பற்றியும் ஒரு சொல். 1999ஆம் ஆண்டில் அம்பாந்தோட்டையில் 3 மெகாவாற்று அளவில் காற்றைச் சோதித்துப் பார்த்த சபை, 2020ஆம் ஆண்டு டிசெம்பரில் மன்னார்த் தீவின் தென்கரையில் 30 காற்றாடிகளோடு ‘தம்பபவனி’ நிலையத்தைத் திறந்தது. அதன் ஆற்றல் 103.5 மெகாவாற்று. சபை தானே சொந்தமாக அமைத்த முதற் பெரிய காற்று நிலையம் அது. ஆனால் மன்னார் வெறுங்கரை அன்று. வடதுருவத்தை நோக்கியும் அங்கிருந்தும் பறக்கும் பறவைகளின் வழி அது. மீனவர் வாழும் ஊர் அது. மேலும் காற்றாடிகள் வருகின்றன என்றபோது, வெள்ளம் வடியாதென்றும் பறவை வாராதென்றும் தம்மைக் கேளாது முடிவுசெய்யப்பட்டதென்றும் மக்கள் 2025ஆம் ஆண்டில் வீதிக்கு இறங்கினர். வலு பிறக்கும் இடத்தார்க்கும் வலு எரியும் இடத்தார்க்கும் இடையிலுள்ள பழைய வழக்கே இதுவும்.

2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டம் சபையைப் பல நிறுவனங்களாகப் பிரிக்க வழிவகுத்தது; மறுவருடம் அச்சட்டம் திருத்தப்பட்டது. ஆக்குவோர் ஒருவர், செலுத்துவோர் ஒருவர், விநியோகிப்போர் வேறு என்று 1969இல் ஒன்றாக்கப்பட்டவை மீண்டும் பிரிந்தால், கூரைக்காரரும் ஓடைக்காரரும் பேசவேண்டிய வாசல் எது என்பதே அவர்களின் முதற் கேள்வியாக இருந்தது.

அந்தச் சித்திரைப் புத்தாண்டோ, பெரும் இருள் எதுவுமின்றிக் கழிந்தது. வேண்டுகோளை ஏற்று நிறுத்தியோர் சிலர். கேளாதது போலிருந்தோர் பலர். நண்பகலில் நீர்நிலையங்கள் தம் கதவுகளைத் தாழ்த்தி வெயிலுக்கு இடம்விட்டன. பொழுது சாய, படல்கள் ஒவ்வொன்றாய் ஓய்ந்தன. பலகாரச் சட்டிகள் அடுப்பேறிய மாலையில், லக்சபானவின் குழாய்களில் நீர் மறுபடி இறங்கியது.